பேசும் வண்டியும் பேசாத கோப்பும்

வீட்டுக்குப் புதிய பொருள் ஒன்று வாங்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். விலை என்ன? எத்தனை காலம் உழைக்கும்? பழுதானால் யார் பார்ப்பார்கள்? தையல் இயந்திரம் வாங்கிய நம் பாட்டிமார்க்கும், சைக்கிள் வாங்கிய தந்தைமார்க்கும், ரேடியோப் பெட்டி வாங்கிய மாமன்மார்க்கும் இந்த மூன்று கேள்விகளே போதுமானவையாக இருந்தன. அந்தப் பொருள்கள் வாங்கியவருக்கு ஊழியம் செய்தன. அவரைப் பற்றி எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. இன்று நம் கைக்கு வரும் பொருள்களின் இயல்பு வேறு. கைப்பேசி நாம் நடக்கும் வழியைக் குறித்துக்கொள்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி நாம் எதைப் பார்த்தோம் என்பதை நினைவில் வைக்கிறது. மோட்டார் காரும் இப்போது அந்த இனத்தில் சேர்ந்துவிட்டது. ஆகவே நான்காவது கேள்வி ஒன்று பிறந்திருக்கிறது: இந்தப் பொருள் என்னைப் பற்றி யாரிடம் பேசுகிறது?

அதற்குத் துணையாக ஐந்தாவது கேள்வியும் உண்டு. என்னைப் பற்றி இவ்வளவு அறிந்துகொள்ளும் கம்பெனியும் அரசாங்கமும் தம்மைப் பற்றி எனக்கு என்ன சொல்கின்றன? இவ்விரண்டு கேள்விகளையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் இரயில்வேயில் குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். சட்டமோ விஞ்ஞானமோ கற்ற அறிஞன் அல்லன். ஆனால் இக்கேள்விகள் அறிஞர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ரேஷன் கடையில் விரல் வைக்கும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

இரயிலில் கேட்ட கருத்துகள்

பங்காருபேட்டையிலிருந்து கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பம் வரும் நம் கிளைப் பாதை 1894-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்களுக்காகப் போடப்பட்டது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அப்பாதை ஊரின் உயிர்நாடியாகிவிட்டது. விடியுமுன் எழுந்து, சோற்று டப்பாவுடன் பெங்களூருக்குச் சென்று, இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான மக்கள் அதில் பயணம் செய்கின்றனர். காவலாளி, தையற்காரர், மருத்துவமனைத் தாதி, கடைச் சிப்பந்தி, வாடகைக் கார் ஓட்டுபவர் என அனைவரும் ஒரே பெட்டியில் அமர்ந்து பேசும் பேச்சு, பத்திரிகைத் தலையங்கங்களில் காணாத பல கருத்துகளை உடையது. கைப்பேசி, கார், அரசாங்கம் ஆகிய மூன்றைப் பற்றியும் அங்கே கேட்ட கருத்துகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதல் கருத்து: “ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.” இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நேர்மையான உழைப்பாளிகள். அவர்களுடைய நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வாதத்தை ஏற்க இயலவில்லை. ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனும் வீட்டுக்குக் கதவு வைக்கிறான். தங்கைக்கு வரன் பேசும் செய்தியை முடிவாகும் முன்னே தெருவில் சொல்வதில்லை. தாயின் நோயையும், வட்டிக்கு வாங்கிய கடனையும் ஊரார் அறிய நாம் விரும்புவதில்லை. அவை குற்றங்கள் அல்ல, நம்முடையவை, அவ்வளவுதான்.

இரண்டாம் கருத்து, வசதியைப் பற்றியது. பெங்களூரில் வேலை பார்க்கும் பெண் இரவு வண்டியில் வருகிறாள். வண்டி எந்த நிலையத்தைக் கடந்தது என்பதை வீட்டில் இருக்கும் தாய் கைப்பேசியில் காண்கிறாள். குடியாத்தத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கு மருந்துச் செலவுக்கான பணம் ஒரு நொடியில் போய்ச் சேருகிறது. சீட்டு வாங்க என் சன்னலின் முன் நிற்கும் வரிசையும் குறைந்திருக்கிறது. இவற்றையெல்லாம் வேண்டாம் என்று சொல்பவன் உழைப்பவரின் களைப்பை அறியாதவன்.

மூன்றாம் கருத்தை முதியவர்கள் சொல்வார்கள்: “இந்தச் சனியன்களைத் தூக்கி எறியுங்கள், நாங்கள் இல்லாமலா வாழ்ந்தோம்?” கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஓய்வூதியச் செய்தியும், எரிவாயுப் பதிவும், வங்கியின் இரகசிய எண்ணும் கைப்பேசியிலேயே வருகின்றன. எறிந்துவிட்டு வாழ்பவர் செல்வராக இருக்கவேண்டும். ஏழைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

நான்காம் கருத்து, வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் சொன்னது. “அண்ணா, வண்டி எங்கே நிக்குது, என்ன வேகத்துல போகுது, எத்தனை தடவை பிரேக் போட்டேன், எல்லாம் அவங்களுக்குத் தெரியுது. என் வாடகையில எவ்வளவு பிடிச்சாங்க, எதுக்குப் பிடிச்சாங்கன்னு நான் கேட்டா மட்டும் பதிலே வர்றதில்லை” என்றார் அவர். பக்கத்தில் இருந்த பெரியவர், “அந்தக் காலத்துக் கம்பெனியும் இப்படித்தான் தம்பி” என்றார். அப்பெரியவர் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். இவ்விரு வாக்கியங்களிலும் நம் பொருள் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

தங்கவயல் கற்ற பாடம்

புதிய கருவிகள் தங்கவயலுக்குப் புதியவை அல்ல. காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 92 மைல் தூரம் கம்பியில் ஓடி வந்து நம் சுரங்கங்களை இயக்கியது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ஆம் ஆண்டிலேதான். நாட்டுக்கே முன்னோடியான கருவி நம் ஊருக்கு முதலில் வந்தது. ஆனால் தட்டி கட்டிய தொழிலாளர் குடிசைகளுக்காக அம்மின்சாரம் கொண்டுவரப்படவில்லை. கருவி வருவது வேறு. அதன் பயன் யாருக்கு என்பது வேறு. இது முதற்பாடம்.

இரண்டாம் பாடம் சோதனையைப் பற்றியது. வட ஆர்க்காட்டிலிருந்தும், சேலத்திலிருந்தும், சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்த நம் முன்னோர் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த சுரங்கங்களில் இறங்கினர். வேலை முடிந்து மேலே வந்தவரைச் சோதித்தே வெளியே விட்டார்கள். தங்கக் களவைத் தடுக்கத் தனிச் சட்டங்களும் இருந்தன. சோதனையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தங்கம் சிறிய பொருள். அதைக் காப்பது உடையவரின் கடமை. ஆனால் தொழிலாளியின் வேட்டி மடிப்பைச் சோதித்தவர்கள், தம் கணக்குப் புத்தகத்தின் மடிப்பை அவனுக்குக் காட்டவில்லை. தோண்டிய தங்கம் எவ்வளவு, அது விற்ற விலை என்ன, அதில் அவன் கூலி எத்தனையில் ஒரு பங்கு என்பதை அவன் மொழியில் அவனிடம் சொன்னவர் இல்லை.

மூன்றாம் பாடம், நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லத் தவறக்கூடாத பாடம். விரல் ரேகையைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறை இந்திய நாட்டிலே வளர்ந்தது. கல்கத்தாவில் 1897-ஆம் ஆண்டில் அமைந்த ரேகைப் பதிவு நிலையம் உலகிலேயே முதலாவது என்பர். அது போலீசார்க்கும் குற்றவாளிக்கும் உரிய முறையாகவே மக்கள் மனத்தில் பதிந்தது. 1930-ஆம் ஆண்டில் சுரங்கக் கம்பெனிகள் தொழிலாளர் அனைவரின் விரல் ரேகையையும் பதிய முற்பட்டபோது, தங்கவயல் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுள் பலர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள். சங்கம் அமைக்கவும் அக்காலத்தில் இடமில்லை. ஆயினும் தம் விரலில் இருப்பது தம்முடையது, அதைக் கேட்பவர் காரணம் சொல்லவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய நூல்களில் எழுதப்படும் அந்தரங்க உரிமை என்னும் கொள்கையை எழுத்தறியாத நம் பாட்டன்மார் கையை மடக்கிக் காட்டிச் சொன்னார்கள்.

அக்கொள்கை சட்டமாக எண்பத்தேழு ஆண்டுகள் ஆயின. கர்நாடக உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே. எஸ். புட்டசாமி என்னும் பெரியவர், ஆதார் பதிவை எதிர்த்து 2012-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் வந்த மற்றொரு தீர்ப்பு, அரசாங்க உதவிகளுக்கு ஆதார் கேட்கலாம் என்றும், தனியார் கம்பெனிகள் அதைக் கட்டாயமாகக் கேட்கலாகாது என்றும் வரையறுத்தது.

இன்று ரேஷன் கடையில் நாம் விரல் வைக்கிறோம். துளைக் கருவி பிடித்தும் பாறை சுமந்தும் ரேகை தேய்ந்த முதியவரின் விரலை அக்கருவி அறியாமல் மறுப்பதை நாம் கண்டிருக்கிறோம். சுரங்கத்துக்கு ரேகையைக் கொடுத்தவரிடம் இப்போது கருவி ரேகையைக் கேட்கிறது. விரல் பொருந்தாதவர் வேறு வழியில் தம் அடையாளத்தைக் காட்ட விதிகளில் இடம் உண்டு. அதை அறியாமல் வெறுங்கையுடன் வீடு திரும்புபவர் இருக்கும்வரை, அவ்விதியை உரக்கச் சொல்வது நம் கடமை.

வண்டி யாரிடம் பேசுகிறது?

இனிக் காரைப் பார்ப்போம். இணையக் கார் என்னும் விளம்பரத்தோடு 2019-ஆம் ஆண்டில் எம்.ஜி. ஹெக்டர், ஹூண்டாய் வென்யூ போன்ற வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவற்றின் உள்ளே கைப்பேசியில் இருப்பதுபோலவே ஒரு சிம் இருக்கிறது. வண்டி நிற்கும் இடம், ஓடும் வேகம், கதவு பூட்டப்பட்டதா என்னும் செய்தி யாவும் அதன் வழியாகக் கம்பெனியின் கணினிக்குச் செல்கின்றன. வண்டி திருடுபோனால் இருக்கும் இடத்தை அறியலாம். விபத்து நேர்ந்தால் உதவிக்கு ஆள் அழைக்கலாம். இவை நற்பயன்களே. ஐரோப்பிய நாடுகளில் 2018-ஆம் ஆண்டிலிருந்து, விபத்து நேர்ந்தவுடன் தானே உதவி கேட்கும் கருவி புதிய வகைக் கார்களில் கட்டாயம் ஆக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் உதவிக்கு அழைக்கும் வாய், வேறு இடத்திலும் பேசக்கூடும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டிகளில் நடந்ததை 2024-ஆம் ஆண்டில் பத்திரிகைகள் வெளிப்படுத்தின. ஓட்டுபவர் எத்தனை முறை திடீரென்று பிரேக் போட்டார், எப்போது வேகமாக ஓட்டினார், நள்ளிரவில் எத்தனை முறை சென்றார் என்ற குறிப்புகள் வண்டியிலிருந்து கம்பெனிக்குப் போயின. கம்பெனியிடமிருந்து தகவல் வியாபாரிகளுக்குப் போயின. அவர்களிடமிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போயின. காரணம் தெரியாமல் இன்ஷூரன்ஸ் கட்டணம் உயர்ந்த பிறகுதான், தம் வண்டியே தமக்கு எதிராகச் சாட்சி சொன்னதை உரிமையாளர் சிலர் அறிந்தனர். வண்டி இருக்கும் இடத்தைச் சில சமயம் மூன்று விநாடிக்கு ஒருமுறை குறித்தார்கள் என்று அந்நாட்டு வாணிபக் கண்காணிப்பு ஆணையம் கூறியது. அவ்விவரங்களை அத்தகைய வியாபாரிகளுக்கு ஐந்து ஆண்டுகள் கொடுக்கலாகாது என்னும் தடையை அது 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது.

விற்காமல் வைத்திருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் குழுவைச் சேர்ந்த ஏறக்குறைய 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரங்கள், சரியான பூட்டு இல்லாமல் இணையத்தில் கிடந்ததை 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டுப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. யாருடைய கார் எந்த வீட்டின் முன் எந்த இரவில் நின்றது என்பதைப் பல வண்டிகளைப் பொறுத்தவரை கண்டுபிடிக்க முடிந்தது. பெட்டியில் வைத்த இரகசியம் திருடு போகலாம். பெட்டியிலேயே வைக்காத இரகசியம் திருடு போகாது.

“எங்களிடம் கார் ஏது?” என்று அன்பர் சிலர் கேட்கலாம். கார் இல்லாதவர்க்கும் இதில் பங்கு உண்டு. நம் இளைஞர் பலர் பிறர் காரை ஓட்டிப் பிழைக்கின்றனர். பொதுமக்கள் ஏறும் புதிய வாகனங்களில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல், இருக்கும் இடத்தைக் காட்டும் கருவியும் ஆபத்துக் காலப் பொத்தானும் வேண்டும் என்பது விதி. பெண் பிரயாணிகளின் பாதுகாப்பை எண்ணி வந்த விதி இது, நல்ல விதி. சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாயம் ஆயிற்று. அதனால் காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஆனால் அந்தக் கருவி ஓட்டுநரின் ஒவ்வொரு நாளையும் எழுதுகிறது. அந்த ஏட்டை அவரும் படிக்க முடியவேண்டும். ஒரு பிரயாணி குறை சொன்னால், “நான் அந்த வழியில் சென்றேன், இதோ சான்று” என்று ஓட்டுநரும் அதைக் காட்ட முடியவேண்டும். முதலாளியின் கையில் மட்டும் இருக்கும் சாட்சி, பாதிச் சாட்சியே.

உத்தரவு யாருக்குத் தெரியும்?

கம்பெனிகளைச் சொல்லிவிட்டு அரசாங்கத்தை விட்டுவிடுவது நடுநிலை ஆகாது. கொரோனா நோய் பரவிய 2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆரோக்கிய சேது என்னும் செயலியை மத்திய அரசாங்கம் வெளியிட்டது. மே மாதத்தில் சிறப்பு இரயில்கள் ஓடத் தொடங்கியபோது, பிரயாணிகள் அதைக் கைப்பேசியில் வைத்திருக்கவேண்டும் என்று இரயில்வே அறிவித்தது. நோய் பரவும் காலத்தில் நோயாளியைக் கண்டறிய வழி தேடியது தவறு அன்று. ஆனால் அச்செயலியை உருவாக்கியவர் யார் என்று குடிமகன் ஒருவர் தகவல் அறியும் சட்டத்தின்படி கேட்டபோது, பொறுப்பான அலுவலகங்கள் தகவல் தம்மிடம் இல்லை என்று ஒன்றை ஒன்று காட்டின. கோடிக்கணக்கான மக்கள் பயன்படுத்தும் ஒன்றைப் பற்றி இப்படிப் பதில் சொல்வதா என்று மத்தியத் தகவல் ஆணையம் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் கடிந்து விளக்கம் கேட்டது. அதன் பின்னரே அரசாங்கம் விவரம் வெளியிட்டது. அச்செயலியில் சேர்ந்த விவரங்களை, உரியவரின் சம்மதம் இன்றிப் பிற அலுவலகங்களுக்குக் கொடுக்கலாகாது என்று 2021-ஆம் ஆண்டு ஜனவரியில் இடைக்கால உத்தரவிட்டது நம் கர்நாடக உயர்நீதிமன்றமே.

மற்றொரு நிகழ்ச்சி அண்மைக் காலத்தது. காணாமற்போன கைப்பேசியைத் தேடவும் மோசடி அழைப்பைத் தெரிவிக்கவும் சஞ்சார் சாத்தி என்னும் செயலி உண்டு. பயனுள்ளதே. அதைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்னரே பதித்து விற்கவேண்டும் என்று 2025-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உற்பத்திக் கம்பெனிகளுக்கு உத்தரவு அனுப்பியது. உத்தரவு கம்பெனிகளுக்குத் தெரிந்தது. கைப்பேசி வாங்கப்போகும் மக்களுக்குத் தெரியவில்லை. செய்தி நிறுவனம் ஒன்று வெளியிட்ட பிறகே நாடு அறிந்தது. எங்கும் விவாதம் எழுந்தது. டிசம்பர் 3-ஆம் நாள் அக்கட்டாயத்தை அரசாங்கம் விலக்கிக்கொண்டது.

அச்செயலி நல்லதா, தீயதா என்பது ஒரு வினா. அதை நம் பையில் வைக்கும் உத்தரவு ஏன் நமக்குச் சொல்லப்படவில்லை என்பது வேறு வினா. வெளியே தெரிந்த சில நாட்களில் மாறிய உத்தரவு, முதலிலேயே வெளியிடப்பட்டிருந்தால் திருத்தமாகவே பிறந்திருக்கலாம் அன்றோ?

கோப்பைத் திறக்கும் சாவி

அரசாங்கத்துக்கு இரகசியமே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். எல்லைக் காவற்படை எங்கே நிற்கிறது, துப்பு கொடுத்தவர் பெயர் என்ன என்பவற்றைச் சந்தையில் சொல்ல முடியாது. நம் ஊரில் உள்ள பெமல் தொழிற்சாலையின் வாசலில் காவல் இருப்பதில் எவர்க்கும் வருத்தம் இல்லை. ஆனால் படையின் இரகசியத்துக்காக இட்ட திரையைக் கூலிப் பட்டியலின் மேலும் போடுவதுதான் தவறு. ஆங்கிலேயர் 1923-ஆம் ஆண்டில் இயற்றிய அலுவலக இரகசியச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதன் கீழ் வளர்ந்த பழக்கம், எதைக் கேட்டாலும் ‘முடியாது’ என்பதே.

அப்பழக்கத்தை உடைத்தவர்கள் பெரிய மனிதர் அல்லர். இராஜஸ்தானத்துக் கிராமங்களில் பஞ்ச நிவாரண வேலை செய்த கூலிகள், தம் பெயர் எழுதிய வருகைப் பட்டியலைக் காட்டுங்கள் என்று 1990-களில் கேட்டார்கள். தமிழ்நாடு 1997-ஆம் ஆண்டிலும், கர்நாடகம் 2000-ஆம் ஆண்டிலும் தகவல் சட்டங்கள் இயற்றின. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய இரகசியச் சட்டம் குறுக்கே வந்தாலும் தகவல் சட்டமே மேலோங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இப்போது அச்சாவியின் ஒரு பல் தேய்ந்திருக்கிறது. தனிமனிதர் விவரங்களைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நம்மைப் பற்றிய விவரங்களைத் திரட்டுவோர் நம் சம்மதத்தைக் கேட்கவேண்டும் என்று அது சொல்கிறது, வரவேற்போம். ஆனால் அதே சட்டம் தகவல் அறியும் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தியது. ஓர் அதிகாரியைப் பற்றியோ பயன் பெற்றவரைப் பற்றியோ கேட்கும் தகவல், பொது வேலையோடு தொடர்புடையதாயின் கொடுக்கவேண்டும் என்பதே அப்பிரிவின் முந்தைய கருத்து. இப்போது ‘தனிமனிதர் விவரம்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி மறுக்கலாம். இத்திருத்தம் 2025-ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மக்களைப் பாதுகாக்கும் பகுதிகளில் பெரும்பாலானவையோ பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. கதவு நமக்கு வருமுன்னே கோப்புக்கு வந்துவிட்டது. ஆயினும் பொது நலன் பெரிது எனக் காட்டினால் தகவல் தரலாம் என்னும் பிரிவு இன்னும் நிற்கிறது. ஆகவே இனிக் கேட்பவர் காரணத்தோடு கேட்கப் பழகவேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? சயனைடு மேடுகளைப் பாருங்கள். அரைத்த பாறை மண், 13 குவியல்களாக, ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் நம் வீடுகளின் அருகே கிடக்கிறது. காற்று அடித்தால் அத்தூசி நம் சோற்றுத் தட்டில் விழுகிறது. அம்மண்ணிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் மத்திய அரசாங்கத்தின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு ஜூனில் இசைவு தந்தது. எடுப்பவர் யார்? தூசிக்குக் காப்பு என்ன? வேலை யாருக்கு? அருகே குடியிருப்போர் நிலை என்ன? மண்ணைப் பரிசோதித்த அறிக்கை எங்கே? இவை படை இரகசியங்கள் அல்ல. தொழிலாளியின் மடியைச் சோதித்த ஊரில், இப்போது கோப்பின் மடியைச் சோதிக்கும் முறை தொழிலாளியின் பிள்ளைகளுடையது.

நாம் செய்யக்கூடியவை

அன்பர்களே! கவலைப்பட்டுப் பேசுவதோடு நிற்காமல், எளிதாகச் செய்யக்கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

ஒன்று: கைப்பேசியில் புதிய செயலியை ஏற்றும்போது அது கேட்கும் அனுமதிகளைப் படியுங்கள். கணக்குப் போடும் செயலிக்கு உங்கள் மைக்கும், நீங்கள் இருக்கும் இடமும் எதற்கு? மறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் செயலி அப்போதும் வேலை செய்யும்.

இரண்டு: பழைய கார் வாங்கினாலும் விற்றாலும், முந்தைய உரிமையாளரின் கணக்கை நீக்கச் செய்யுங்கள். காரோடு இணைத்த கைப்பேசியிலிருந்த பெயர்களும் எண்களும் காரின் நினைவில் தங்கக்கூடும். வாடகைக் கார் ஓட்டுவோர் பிரயாணியின் கைப்பேசியை இணைத்திருந்தால், இறங்கியதும் அதை அழித்துவிடுவது மரியாதை.

மூன்று: புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, நம் சம்மதத்தைக் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்துக்கும் அவ்வுரிமை உண்டு. புரியாத மொழியில் கொடுத்த சம்மதம் சம்மதம் ஆகாது.

நான்கு: தகவல் கேட்கப் பழகுங்கள். மத்திய அலுவலகமாயின் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளோர்க்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்கலாகாது. பதில் 30 நாளில் வரவேண்டும். உயிரைப் பற்றிய செய்தியாயின் 48 மணி நேரத்தில் வரவேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஒரு தடை நமக்கு மட்டும் இருக்கிறது. மனு ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அந்தந்த வட்டாரத்தின் ஆட்சிமொழியிலோ இருக்கவேண்டும். நம் வட்டாரத்தில் அது கன்னடம். எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அதை எழுத உதவுவது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் அலுவலர் முன்னே நின்று கேட்க நம் முதியோர் கூசுவர்.

இந்த இடத்தில்தான் சங்கம் உதவமுடியும். நம்மிடையே பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த இளைஞர்களும் பெண்களும் எத்தனையோ பேர் உளர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டு அவர்கள் அமரட்டும். ரேஷன் மறுக்கப்பட்டவர், ஓய்வூதியம் நின்றவர், வீட்டுப் பட்டாவுக்குக் காத்திருப்பவர் வந்து தமிழில் சொல்லட்டும். இவர்கள் கன்னடத்தில் எழுதட்டும். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துவதற்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது.

கருவிகளை வெறுக்க வேண்டியதில்லை. அரசாங்கத்தைப் பகைக்க வேண்டியதும் இல்லை. வேண்டுவது ஒரே தராசு. எளியவன் எங்கே போனான் என்பதை வண்டி சொல்லுமானால், வலியவன் என்ன செய்தான் என்பதைக் கோப்பும் சொல்லவேண்டும். 1930-இல் மடக்கிய விரல்கள் இன்று விண்ணப்பம் எழுதக் கற்றிருக்கின்றன. அவை எழுதத் தொடங்கட்டும்.